மணியடித்தால் உட்காரும் குட்டி

எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்கு இன்றுவரை பெயர் இல்லை. பெயர் சூட்டுவது தொடர்பாக வீட்டில் நிகழ்ந்த விவாதத்தில் நான் முன்வைத்த பெயருக்கு வலுவான வாதங்கள் இருந்தன. அம்மா முன்வைத்த பெயருக்கு அம்மா இருந்தார். முடிவு எட்டப்படாத நிலையில் எல்லோரும் அதை ‘டேய்’ என்று அழைத்தோம். அதுவும் அந்த அழைப்பை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

அப்பாவுக்குப் புனேயை அடுத்த சாகணில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. ஆடி மாதத்து மழையில் ஒரு மாலை அவர் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது தோளில் இருந்த சாப்பாட்டுப் பை அசைந்தது. கறுப்பு உடல், கழுத்தின் கீழ் வெள்ளைப் பட்டை. வழக்குக்குத் தாமதமாகிவிட்ட வழக்கறிஞரைப் போல ஒரு குட்டி பைக்குள்ளிருந்து வெளியே பார்த்தது.

“கேன்டீனுக்குப் பின்னால கெடந்துச்சுங்க,” என்றார் அப்பா. ஏதேனும் செய்துவிட்டு வரும்போது மட்டுமே அம்மாவிடம் அவர் ‘ங்க’ போட்டுப் பேசுவார். “கூடப் பொறந்ததெல்லாம் லாரில அடிபட்டுப் போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்.”

“எத்தன நாளைக்கு?”

“ரெண்டு நாளைக்குத்தான்.”

அம்மா உள்ளே போய் ஒரு பழைய பூத்துண்டை எடுத்து வந்தார். இரண்டு நாள் விருந்தினருக்கு எங்கள் வீட்டில் துண்டு கொடுக்கும் வழக்கமில்லை. எனவே வழக்கின் முதல் தீர்ப்பு அப்போதே வந்துவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு மேல்முறையீட்டு மன்றம் ஒன்று உண்டு. அது தரைத்தளத்தில் இருந்தது. விமான் நகரில் நாங்கள் குடியிருக்கும் முதல் மாடிக்கு உரிமையாளர்களான மராத்தித் தம்பதியை நாங்கள் சித்தப்பா, சித்தி என்ற பொருளில் காகா, காகூ என்று அழைப்போம். காகாவுக்கு எதிலும் ஆட்சேபமில்லை. காகூவைச் சிறுவயதில் ஏரவாடாவில் தெருநாய் ஒன்று கடித்திருக்கிறது. அன்றுமுதல் அவர் வெயிலோ மழையோ நீளக் குடையின்றி வாசலைத் தாண்டியதில்லை. மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டுப் படிக்கட்டில் இறங்கும்போது படிக்கு ஒருமுறை குடையின் முனையால் ‘டக்’ என்று தட்டுவார். அவர் வருகிறார் என்பதை நாய்களுக்கு அறிவிக்கும் முறை அது.

“கணபதி தக் ரக்கோ,” என்றார் காகா. பிள்ளையார் சதுர்த்தி வரை வைத்துக்கொள்ளலாம். பண்டிகைக்கு வீடு நிறைய உறவினர்கள் வருவார்கள். அதன்பின் இருப்பதா என்பது காகூவின் முடிவு. அவர் ஒருமுறை ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால், குட்டி எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்விட வேண்டும். அப்பா தலையசைத்தார். எங்கிருந்து வந்தது என்பதை அவர் காகாவிடம் விளக்கவில்லை. அந்தக் கேன்டீனுக்குப் பின்னால் கன்டெய்னர் லாரிகள் திரும்பும் சாலை இருக்கிறது.

குட்டியை அதற்குள் நல்ல குடிமகனாக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். எனக்கு அதற்குத் தகுதி இருந்தது. கோவையில் பள்ளி மேடைகளிலும், புனே வந்தபிறகு கல்லூரிகளுக்கிடையிலான ஆங்கில விவாதங்களிலும், இங்குள்ள தமிழர்கள் ஒன்றுகூடும் நாட்களில் பட்டிமன்றங்களிலும் எதிரணியை இணங்கவைத்துப் பழகியவள் நான். ஒரு குட்டியை இணங்கவைப்பது இயலாத காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

கால்நடை மருத்துவர் இரண்டு கட்டளைகள் இட்டார். தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடக் கூடாது. ஆனால் அதுவரை காத்திருக்கவும் கூடாது. கையில் தூக்கிக்கொண்டு போய் ஊரிலுள்ள எல்லாவற்றையும் காட்ட வேண்டும், எல்லா ஓசைகளையும் கேட்கவைக்க வேண்டும். இந்த வயதில் பழகாதது பிற்காலத்தில் பயமாகிவிடும் என்றார்.

ஆகவே துணிப்பையில் அதைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு மாலையும் புறப்பட்டேன். ஹெல்மெட் அணிந்தவர்களைக் காட்டினேன். வடாபாவ் வண்டியில் எண்ணெய் பொரியும் ஓசையைக் கேட்கவைத்தேன். தாடி வைத்தவர், பர்தா அணிந்தவர், ஊன்றுகோல் பிடித்தவர், தள்ளுவண்டிக் குழந்தை என்று சமூகத்தின் பல பிரிவினரையும் அறிமுகப்படுத்தினேன். அவர்கள் “அரே, பில்லு!” என்று கொஞ்சினார்கள். மராத்தியில் பில்லு என்றால் குட்டி. தலைக்கு மேலே தாழப் பறந்த விமானங்களை அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் நடுங்கியது: மடக்கிய குடை. படிக்கட்டில் ‘டக்’ என்ற ஓசை கேட்டதும் பையின் அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். காகூ எங்கள் பையைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நிற்பார். இருவரும் ஒருவரையொருவர் கடக்கும் அந்தக் கணத்தில் யார் யாரைவிட அதிகம் அஞ்சினார்கள் என்பதை நடுநிலையோடு சொல்ல என்னால் இயலாது.

வீட்டுப் பயிற்சி வேறு வகையானது. ‘உட்கார்’, ‘நில்’ என ஒற்றைச் சொல்லில் ஆணையிடுவதில் எனக்கு உடன்பாடு இருந்ததில்லை. செருப்பைக் கடித்த குட்டியை எதிரே அமர்த்தி, செருப்புக் கடியினால் விளையும் தீமைகளை வரிசைப்படுத்தி விளக்கினேன். முதல் தீமையின்போது அது என்னைப் பார்த்தது. இரண்டாவதின்போது உறங்கியது. மூன்றாவதைச் சொல்வதற்கு நான் குறிப்புச் சீட்டைத் தேடியபோது அது குட்டியின் வாயில் இருந்தது.

“அம்மிணி, எதுக்கு அதுக்கு இத்தன பேச்சு?” என்றார் அப்பா. “உக்காருன்னா போதுமல்லோ.”

“காரணம் சொல்லாம எப்படிப்பா உத்தரவு போடறது?”

“ஏன், எங்க மேனேஜர் தெனமும் போடறாரே.”

மணி தற்செயலாகத்தான் வந்தது. பட்டிமன்றத்துக்கு நான் ஒத்திகை பார்க்கும்போது அம்மாதான் நேரக் கண்காணிப்பாளர். நேரம் முடியப்போவதை உணர்த்த ஒருமுறை மேசைமணியை அடிப்பார். முடிந்துவிட்டால் விடாமல் அடிப்பார். ஒருநாள் அவ்வாறு அவர் அடித்தபோது என் கணுக்காலைக் கடித்துக்கொண்டிருந்த குட்டி கடியை நிறுத்தியது. அம்மாவிடம் போய் அவர் முன்னே உட்கார்ந்து முகத்தை அண்ணாந்து பார்த்தது. அம்மா கையிலிருந்த இட்லியில் ஒரு விள்ளலைப் போட்டார்.

நான் இதை ஒரு முறைமையாக வளர்த்தெடுத்தேன். மணி ஒலித்தால் செய்துகொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். மணி அடிப்பவர் யாராயினும் அவர்முன் வந்து உட்கார வேண்டும். மணி ஓயும்வரை அசையக் கூடாது. ஓய்ந்ததும் உணவு கிடைக்கும். மேடைப் பேச்சாளர்கள் பலருக்கே கைவராத இந்த ஒழுக்கம் குட்டிக்கு விரைவில் கைவந்தது. காகாவை மேலே அழைத்துச் செய்துகாட்டினேன். அவர் “க்யா பாத் ஹை!” என்று வியந்து தாமே மணியை வாங்கி அடித்துப் பார்த்தார். குட்டி அவர் முன்னும் போய் உட்கார்ந்தது. காகூ அழைப்பை ஏற்கவில்லை.

எச்சரிக்கை அம்மாவிடமிருந்து வந்தது.

“கண்ணு, சாயங்காலம் கீழ பூஜை மணி அடிச்சா இது கதவுகிட்டப் போயி உக்காந்துக்குது, பாத்தியா?”

“நல்லதுதானேம்மா. கவனம் கூர்மையாயிருக்குன்னு அர்த்தம்.”

“கணபதி வருதல்லோ. அப்ப என்ன பண்றது?”

அம்மாவின் ஐயத்துக்கு நான் விரிவாக மறுமொழி அளித்தேன். நம் கதவு மூடியிருக்கும். நடுவில் ஒரு மாடிப் படிக்கட்டு இருக்கிறது. அப்பா உடன் இருப்பார். “சரி, நீ சொன்னாச் சரி,” என்று அம்மா எழுந்து போனார். அதை நான் வெற்றியாக எண்ணிக்கொண்டேன். பிள்ளையார் சதுர்த்தியின்போது வாசலுக்கு வாசல் மணி ஒலிக்கும் ஊரில் வசித்துக்கொண்டு, ஒரு நாயை மணிக்குப் பழக்கியவர்கள் என்னைத் தவிர வேறு யாரும் இருந்தார்களா என்று நான் விசாரித்ததில்லை.

சதுர்த்தியன்று மாலை காகாவின் வீட்டில் ஆரத்தி. கூடத்தில் நிற்க இடமில்லாத அளவுக்கு உறவினர்கள். நானும் அம்மாவும் போனோம். ஏற்பாட்டின்படி அப்பா குட்டியோடு மேலே இருந்தார். காகா சும்மா இருக்கவில்லை. “சாஹேப் எங்கே?” என்று கேட்டுவிட்டுத் தாமே படியேறிப்போய் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டார். கதவைச் சாத்தினீர்களா என்று நான் கண்ணால் கேட்டேன். சாத்தினேன் என்று அப்பா கண்ணால் சொன்னார். அவர் சாத்தியது உண்மை. மழையில் ஊதிப்போன அந்த மரக்கதவு தாழ் விழாமலே சாத்திய பாவனை காட்டும் என்பதும் உண்மை.

ஆரத்தி தொடங்கியது. வலக்கையில் தட்டும் இடக்கையில் மணியுமாகக் காகூ நின்றார். பாட்டும் கைத்தட்டலும் கூடத்தை நிறைத்தன. முதல் பாட்டு முடியும் முன்பே கூட்டத்தின் கால்களுக்கிடையே ஏதோ நகர்வதைக் கண்டேன். சேலைகள் ஒவ்வொன்றாக விலகின. குட்டி நேராகச் சென்று, பிள்ளையாருக்கும் காகூவுக்கும் நடுவே உட்கார்ந்து, காகூவின் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

காகூவின் நிறம் மாறியது. குடை வாசலோரம் மூலையில் இருந்தது. அலறுவதற்கு அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். ஆனால் தொடங்கிய ஆரத்தியை நடுவில் நிறுத்தும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. திறந்த வாயிலிருந்து பாட்டின் அடுத்த அடி வந்தது. மணியும் நிற்கவில்லை.

மணி ஒலிக்கும்வரை குட்டி அசையாது என்பது அந்தக் கூடத்தில் எங்கள் மூவருக்கும் காகாவுக்கும் மட்டுமே தெரியும். அதைக் காகூவிடம் சொல்வதற்கு எனக்கு வழியில்லை. எத்தனையோ அவைகளில் பேசியிருக்கிறேன். அந்த அவையில் எனக்குப் பேச இடமில்லை. நான் கைதட்டினேன். எல்லோரும் தட்டினார்கள்.

முதல் பாட்டு முடிந்ததும் உறவினர்களில் ஒருவர் இரண்டாவதைத் தொடங்கினார். அது முடியும் நேரத்தில், அவருக்குப் பின்தங்க விரும்பாத இன்னொருவர் மூன்றாவதை எடுத்தார். புனேயில் ஆரத்திகள் இவ்வாறுதான் நீள்கின்றன. காகூ கண்ணை எடுக்காமல் குட்டியைப் பார்த்தபடி அடித்துக்கொண்டே இருந்தார். குட்டி கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தது. அதன் பின்னங்கால்கள் நடுங்கின. என் ஒத்திகைகள் எதிலும் அது அவ்வளவு நேரம் அமர்ந்ததில்லை.

கடைசியில் மணி நின்றது. காகூ தட்டை வைத்துவிட்டு மூச்சை விட்டார். குட்டி நகரவில்லை. அதற்கு வரவேண்டியது இன்னும் வரவில்லை. அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அதை அள்ளி எடுத்து, “சாரி, சாரி” என்று எல்லோரிடமும் சொல்லியபடி படியேறிவிட்டார். அது அவருடைய தோளுக்கு மேலிருந்து காகூவையே பார்த்துக்கொண்டு போனது.

வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அப்பா தம் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்து உதறி, அடியில் பூத்துண்டை மடித்து வைத்தார். “ஷிப்ட் பஸ்ல கொண்டுபோறதுக்கு ஈசியா இருக்கும்,” என்றார் யாரிடமோ. அம்மா அடுப்பைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

காலையில் காகா வந்து, மாலை ஆரத்திக்கு முன் கீழே வரச் சொன்னார். குட்டியோடு வரச் சொன்னார். நான் பகல் முழுவதும் இந்தியில் ஓர் உரையைத் தயாரித்தேன். சாகண் சாலையில் தொடங்கி, மனித நேயத்தின் வழியே, வாடகைதாரர் உரிமையில் முடிவது அதன் கட்டமைப்பு. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்று இப்போதும் கருதுகிறேன். எதிரணியில் ஒரே ஒருவர். பரிசு ஒரே ஓர் உயிர்.

மாலையில் குட்டியைக் கையில் ஏந்திக் கீழே நின்றேன். அப்பாவும் அம்மாவும் எனக்குப் பின்னால் நின்றார்கள். காகூ பிள்ளையாருக்கு அருகே விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“ஆதரணீய காகா, ஆதரணீய காகூ,” என்று தொடங்கினேன். அவையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். முதல் வாதத்தை எடுத்துவைத்து, லாரிகள் திரும்பும் அந்தச் சாலையை நான் வருணிக்கத் தலைப்பட்டபோது, காகூ என்னைத் திரும்பிப் பாராமலே மணியை எடுத்து அடித்தார்.

குட்டி என் கையிலிருந்து குதித்து ஓடி அவர்முன் உட்கார்ந்தது. நானும் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படிச் செய்ய வேண்டுமென்று நான் எண்ணவில்லை. பத்து வயதிலிருந்து மணி அடித்தால் உட்கார்ந்து பழக்கம்.

“அக பாய்!” என்று வியந்தார் காகூ எங்கள் இருவரையும் பார்த்து. அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல்முறை. பிறகு கணவர் பக்கம் திரும்பி, “சாவலா நாஹி,” என்றார். நேற்று அவ்வளவு நேரம் எதிரே நின்றும் அது கடிக்கவில்லையாம். அதை ஒரு புகாரைப் போலவே அவர் சொன்னார்.

மணியைக் கீழே வைத்தார். குட்டி காத்திருந்தது. தட்டிலிருந்து ஒரு பேடாவைக் கிள்ளினார். கையால் கொடுக்கத் துணிவில்லாமல் தரையில் வைத்து, பக்கத்தில் சாத்தியிருந்த குடையின் முனையால் அதை மெல்ல முன்னே தள்ளினார். குட்டி குடையைப் பார்த்தது. பேடாவைப் பார்த்தது. உடலைப் பின்னால் விட்டுவிட்டுக் கழுத்தை மட்டும் முன்னால் நீட்டி எடுத்துக்கொண்டது.

“ராஹூ தே,” என்றார் காகூ. இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மா என் தோளை அழுத்தினார். அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டு, மழைக் காலம் என்றார்.

என் உரையில் மனித நேயமும் வாடகைதாரர் உரிமையும் மீதமிருந்தன. அவற்றை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.