சத்துணவு போட்ட பள்ளிக்கூடம்

செலினாவின் முகத்தைச் சேத்தூர் பஸ் ஸ்டாப்பில், வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே கட்டியிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு அடையாள அட்டைக்கு எடுத்த படம். கழுத்துக்குக் கீழே அவளுடையது என்று எதுவும் இல்லை. வெள்ளைக் கோட்டு, ஸ்டெதாஸ்கோப், மார்புக்குக் குறுக்கே கட்டிய இரண்டு கைகள் எல்லாம் ராஜபாளையம் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே வைத்திருந்தவை. கைகள் ஓர் ஆணின் கைகள். மணிக்கட்டில் பட்டையான வாட்ச்கூட இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் ‘எங்கள் தெருவின் முதல் டாக்டர்’. கீழே ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ என்று வரிசையாகப் பையன்களின் தலைகள், பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியுடன். நடுவில் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தவன் பாண்டிதுரை. காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் தெருவில் எதற்கும் ஃப்ளெக்ஸ் வைப்பவன் அவன்தான்.

“ஏலே, கவுன்சிலிங்கே இன்னும் ஆரம்பிக்கலியேலே” என்றேன்.

“கெடச்ச மாதிரிதான்டே. போன வருசம் கோட்டாவுல கடைசியா சீட்டு வாங்குன ஆளவிட ஒம்பது மார்க்கு கூடுதலாம்லா. நீ டிகிரி வாங்கும்போதும் ஒண்ணு வைக்கணும்னுதான் இருந்தேன். பேருக்கு முன்னால என்ன போடுறதுன்னு தெரியல, விட்டுட்டேன்.”

எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அதற்குத் தாசில்தார் அலுவலகச் சான்றிதழ் இருக்கிறது, வேலைதான் இல்லை. அதனால் பக்கத்து வீட்டுத் தேவநேசன் சித்தப்பா, மகள் செலினாவுக்காக எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என்னைக் கூட்டிக்கொள்வார். படித்துச் சொல்ல ஓர் ஆள்.

செலினா பெரிய படிப்பாளி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஃப்ளெக்ஸைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பில் சுமாரான மதிப்பெண். அதுவரை அவள் ராஜபாளையத்தில் ஒரு மிஷன் பள்ளியில் படித்தாள். அந்த மார்க்குக்கு உயிரியல் பிரிவு கிடையாது, வணிகவியல் எடுத்துக்கொள் என்றார்கள். இரண்டு நாள் அழுதுவிட்டு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாறினாள். அங்கே கேட்டதும் உயிரியல் கொடுத்தார்கள். தவளையின் இதயத்தை அவள் வரைந்தால் டீச்சர் மற்ற பிள்ளைகளிடம் காட்டுவாராம். இயற்பியல் மட்டும் கடைசிவரை படியவில்லை. ஒரு கணக்கை நான்கு தடவை எழுதி, நான்கு தடவையும் வேறு விடை கொண்டுவருவாள்.

“எதுக்குட்டி டாக்டரு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வேற என்ன ஆவலாம்னு எனக்கு யாரும் சொல்லலண்ணே” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சொல்லியிருந்தாலும் இதத்தான் கேட்டிருப்பேன்” என்றாள்.

அவள் அம்மா ஜெயக்கொடி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போகிறார். அப்பா லோடு ஆட்டோவில் அந்தத் துணிப் பொதிகளைத்தான், பேல் என்பார்கள், ஏற்றி இறக்குகிறார். முதல் தடவை நீட் எழுதியபோது தகுதி மதிப்பெண்ணே வரவில்லை. ஒரு வருடம் வீட்டிலிருந்து படித்தாள். சனி, ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் இலவசப் பயிற்சி. அங்கேதான் கூமாப்பட்டி மகாலட்சுமி பழக்கமானாள். இருவரும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். ஒருத்திக்கு இயற்பியல் வராது, இன்னொருத்திக்கு வேதியியல் வராது.

இரண்டாம் தடவை செலினா வாங்கியது பொதுப் பட்டியலில் எங்கேயோ அடியில் கிடக்கிற மார்க்குதான். ஆனால் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஏழரை சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இந்த மார்க்குக்குச் சீட்டு உண்டு. பயிற்சி மையத்துச் சாரே கையைக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே பாண்டிதுரை ஃப்ளெக்ஸ் கடைக்கு வண்டியை விட்டான்.

விண்ணப்பத்தோடு, அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வைக்க வேண்டும். அதற்காகச் சித்தப்பா, செலினா, நான் மூவரும் அவள் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை பொன்மணி டீச்சர் எழுந்து வந்து செலினாவின் தோளைத் தட்டினார். பிறகு மாற்றுச் சான்றிதழைப் புரட்டியவர், புரட்டிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

“ஆறாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் எங்க படிச்ச?”

செலினா பள்ளியின் பெயரைச் சொன்னாள்.

“அது எய்டட் ஸ்கூல்மா. ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சிருக்கணும்.”

சித்தப்பாவுக்கு இது சிறிய குழப்பமாகத்தான் தெரிந்தது. “டீச்சர், அதுவும் கவர்மெண்டு பள்ளிக்கூடம்தான். ஒத்த ரூவா பீஸ் கிடையாது.”

“உதவி பெறும் பள்ளிங்கய்யா. சம்பளம் அரசாங்கம் குடுக்கும். நடத்துறது அவங்க.”

“பொஸ்தகம் கவர்மெண்டு குடுத்துச்சு. யூனிபாரம் குடுத்துச்சு. பை, செருப்பு எல்லாம் குடுத்துச்சு.”

“குடுக்கும்யா.”

“சத்துணவு போட்டாவ டீச்சர். அஞ்சு வருசம் எம்புள்ள கவர்மெண்டு சோத்தத்தான் தின்னா. முட்டையில சீல் குத்தியிருந்துச்சு. நானே பாத்திருக்கேன்.”

டீச்சர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததோ என்னவோ.

“முட்டைய வச்சு நான் சர்டிபிகேட் குடுக்க முடியாதுங்கய்யா” என்றார் கடைசியில், மிக மெதுவாக.

சித்தப்பா அந்தப் பள்ளியில் மகளைச் சேர்த்த கதை எனக்குத் தெரியும். நடந்து போகிற தூரத்தில் அரசுப் பள்ளி இருந்தது. ஒழுக்கமாக வளர்ப்பார்கள், இங்கிலீஷ் வரும் என்று சர்ச்சில் யாரோ சொன்னார்கள். இரண்டிலும் காசு இல்லை, இரண்டிலும் சோறு உண்டு. பிள்ளை நல்ல இடத்தில் இருக்கட்டும் என்று ஐந்து வருடம் தினமும் காலையில் பஸ் ஏற்றிவிட்டார். அப்போது இந்த ஒதுக்கீடு என்ற பேச்சே இல்லை. பிறகு வந்த சட்டம் என்று கோபப்படக்கூட அவரால் முடியவில்லை, அது எப்போது வந்தது என்றே அவருக்குத் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்வி அலுவலகம் வரைக்கும் போனோம். செத்த நேரம் உட்காருங்கள் என்றார்கள். மதியத்துக்கு மேல் ஒருவர் வந்தார். முரட்டுத்தனமாகப் பேசுவார், நாமும் சத்தம் போடலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவரோ நாற்காலி போடச் சொல்லி, நிதானமாகக் கேட்டு, டீச்சர் சொன்னதையே சொன்னார். “இந்த வருசம் நீங்க மூணாவது ஆளு. எல்லாரும் இதத்தான் சொல்றாங்க, அங்கயும் எல்லாம் ஃப்ரீதானேன்னு.”

பஸ் ஸ்டாண்டில் வைத்து அந்த ஒதுக்கீட்டு அரசாணையைப் போனில் திறந்தேன். அதில் மங்கலான வரி ஒன்று இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தேடினேன். பட்டம் வாங்கியவன் வேறு எதற்கு? தெளிவாக எழுதியிருந்தது. யார் படித்தாலும் ஒரே பொருள்தான். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்காவது அநியாயம் இருந்திருந்தால் ஒரு மனுவாவது எழுதியிருப்பேன்.

“என்ன போட்டிருக்கு?” என்றார் சித்தப்பா.

“அவிய சொன்னதுதான் சித்தப்பா.”

“நல்லா பாருடே. இங்கிலீஷ்லயும் பாரு.”

இங்கிலீஷிலும் பார்த்தேன். செலினா சேத்தூர் போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் இறங்கினால் எதிரே ஃப்ளெக்ஸ். பூக்கட்டிக்கொண்டிருந்த பெத்தம்மாள் அத்தை, “டாக்டரம்மா வந்தாச்சா?” என்றார். செலினா தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

அன்றிலிருந்து அவள் பஸ் ஸ்டாப் பக்கம் வருவதில்லை. பொதுப் பட்டியலில் பெயர் இருந்தது, இருந்தும் பயனில்லாத இடத்தில். கவுன்சிலிங் தொடங்கி இரண்டாவது நாள் மகாலட்சுமி போன் செய்தாள். சீட்டு கிடைத்துவிட்டது. அவள் செலினாவைவிட நான்கு மார்க் குறைவு.

நான் அப்போது அவர்கள் வீட்டு வாசலில்தான் நின்றேன். ஜெயக்கொடி சித்தி அடுப்படியிலிருந்து கத்தினார். “ஒன்னவிடக் கம்மியா எடுத்தவ டாக்டரு! நீ இங்க வெங்காயம் உரி! இது என்ன நாயம்?”

“அவ ஆறாப்புலேருந்து கவர்மெண்டு ஸ்கூல்லயே படிச்சாம்மா” என்றாள் செலினா.

“நீ எங்க படிச்ச, லண்டன்லயா?”

“அவ ஸ்கூல்ல ரெண்டு வருசமா கெமிஸ்ட்ரிக்கு வாத்தியாரே இல்ல. எனக்கு அஞ்சு வருசமும் எல்லாப் பாடத்துக்கும் டீச்சர் இருந்தாவ. அவளுக்குத்தான் குடுக்கணும்.”

“பொறவு எதுக்குட்டி அழுத?”

“அவளுக்குக் குடுக்கணும்னு எனக்கே தெரியுதுல்ல, அதுக்குத்தான்!” கையிலிருந்த வெங்காயத்தைச் சுவரில் எறிந்தாள். அது உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுப்பதா, கிளம்புவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். அவள் சொன்னது சரி. சித்தி கேட்டதும் தவறாகத் தோன்றவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள், “அண்ணே, அந்த ஃப்ளெக்ஸ அவுக்கச் சொல்லு” என்றாள்.

பாண்டிதுரை மறுத்துவிட்டான். “ஏம்லே அவுக்கணும்? அடுத்த வருசம் எழுதுவால்லா? எழுதுனா கெடைக்கும்லா? நம்ம புள்ள படம் இருந்துட்டுப் போவட்டும். ஊருல எம்புட்டுப் பேரு கும்பிட்டுட்டுப் போறாவ தெரியுமா?”

“கெடைக்கலேன்னு சொல்லிப் போடேம்லே.”

“அதெப்படிடே சொல்ல? அப்படி ஒரு ஃப்ளெக்ஸ் ஒலகத்துலயே கிடையாதுலே.”

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து எல்லாரும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நேரம். சித்தப்பாவின் லோடு ஆட்டோ வந்து வேப்பமரத்தடியில் நின்றது. பின்னால் பேல்களின் மேல் செலினா உட்கார்ந்திருந்தாள், கையில் அரிவாள்மனை. எழுந்து நின்று கயிற்றை அறுக்கத் தொடங்கினாள். நான் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தேன்.

“ஏட்டி, என்னட்டி பண்ணுத?” என்றார் பெத்தம்மாள் அத்தை.

“சீட்டு கெடைக்கலத்தை.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். மார்க்கு பத்தல. கோட்டாவுலயும் நான் வர முடியாதாம்.”

அதுவரை அவள் அதை வெளியில் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

அத்தை ஃப்ளெக்ஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “கெடைக்கலயா? இதுல போட்டிருக்குல்ல?”

“இதுல போட்டா ஆயிருமா அத்தை?”

யாரோ சிரித்தார்கள். இரண்டாவது கயிறு அறுந்ததும் ஃப்ளெக்ஸ் ஒரு பக்கமாகச் சரிந்து, வாழ்த்தும் நெஞ்சங்கள் வரிசை தரையில் புரண்டது. பாண்டிதுரை எங்கிருந்தோ ஓடிவந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். “கிழிச்சிராதட்டி, பாத்து” என்று சொல்லிவிட்டு, மர ஃப்ரேமைத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினான். ஃப்ரேம் அவனுக்கு வேண்டும். புதன்கிழமை ஒரு காதுகுத்து இருந்தது.

ஆணிகளைப் பிடுங்கி ஃப்ளெக்ஸைத் தனியே எடுத்ததும் சித்தப்பா அதை வாங்கி மடித்தார். துணியை மடிக்கிற பழக்கத்தில், ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

“மழைக்குப் பேல் மேல போட ஆவும்” என்றவர், சற்றுப் பொறுத்து, “இல்லன்னா வச்சிருப்போம். வருசம் ஒண்ணும் போடல இதுல” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

செலினா என்னைப் பார்த்தாள். “அண்ணே, பொதுவுல வாங்கணும்னா இன்னும் எம்புட்டு வேணும்?”

சொன்னேன். அவள் இதுவரை வாங்கியதில் முக்கால்வாசி இன்னும் வேண்டும். அதில் பெரும்பகுதி இயற்பியலிலிருந்துதான் வர வேண்டும். எழுது என்று சொல்வதா, விட்டுவிடு என்று சொல்வதா? இரண்டையும் சொல்கிற தகுதி எனக்கு எங்கிருந்து வரும்?

அவள் அரிவாள்மனையைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“வச்சிக்கோப்பா” என்றாள். “ஆனா கெடச்சாலும் இதக் கட்டக் கூடாது. அதுல இருக்கது என் கை இல்ல.”

சித்தப்பா மடித்ததைப் பிரித்து, அந்தக் கைகளையும் வாட்சையும் முதன்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். பிறகு படம் உள்பக்கம் போகும்படி திருப்பி, பேல்களின் மேல் விரித்து, நான்கு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டினார். மேற்கே மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது.