சும்மா கிடந்த பூமி

வெள்ளைக்காரனைப் பற்றி ஒரு குறை சொன்னால் எங்கள் வாப்பா பொறுக்கமாட்டார். அவர் தபால் கந்தோரில் இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது மேலே ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தாராம். துரை ஒரு நாள் வாப்பாவின் கையெழுத்தைப் பார்த்து ‘குட்’ என்றாராம். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் வாப்பா தன் சீவியகாலம் முழுக்கப் பெருமைப்பட்டார். பஸ் பிந்தினாலும், அரிசியில் கல் கடிபட்டாலும், "வெள்ளக்காரன் இரிந்தா இப்பிடி நடக்குமா?" என்பார். அவர் மட்டுமா? எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் வயதான ஆண்கள் எல்லோருக்கும் அதே பாட்டுத்தான். பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. வயிறு காய்ந்தவனுக்குப் போனவனெல்லாம் நல்லவன்.

உம்மா அந்தப் பேச்சில் சேரமாட்டார். அவருக்கு அவருடைய பூமி போதும்.

அட்டாளைச்சேனைக்கு மேற்கே, வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த மேட்டுப் பூமி. உம்மாவின் தாய்வழியில் யாரோ காடு வெட்டி, எரித்து, சேனையாக்கியது. உறுதி என்று ஒரு கடதாசித் துண்டும் கிடையாது. எங்கள் கரையில் வீடும் காணியும் பெண்ணோடுதான் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடும்பத்துப் பெரியவர்கள் முன்னால் வாயால் சொல்லிக் கொடுத்தால் கொடுத்ததுதான். அப்படித்தான் மூத்தவரான ராத்தாவுக்கு நாங்கள் இருந்த வீடு போனது. இளையவளான எனக்கு அந்தப் பூமி. அதில் பாதியை விற்று எனக்கு வீடு கட்டுவதென்றும், மீதியை எனக்கே விடுவதென்றும் முடிவாகியிருந்தது.

மாப்பிள்ளையும் பேசியாயிற்று. ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தவர். அவரை நான் ஒரே ஒரு தடவை, ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சைக்கிளை மதிலில் சாய்த்தார், அது விழுந்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் சாய்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அந்த நேரத்தில்தான் ஊர் அதிகாரியான விதானையார் வந்து, உங்கள் பூமி முடிக்குரிய காணி, அரசாங்கத்தின் சொத்து என்று மேலே சொல்கிறார்கள், விசாரணைக்கு வாருங்கள் என்றார். நாடு குடியரசாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. முடி வைத்திருந்தவர்கள் கப்பலேறிப்போய் அதைவிடக் கனகாலம். ஆனாலும் ஊரில் எல்லோருடைய வாயிலும் அது முடிக்குரிய காணிதான்.

வாப்பா பதறவில்லை. "விசாரண எண்டு ஒண்டு வெச்சிரிக்காங்களே, அது வெள்ளக்காரன் பழக்கின ஒழுங்கு. ஒண்டுக்கும் பயப்படாதீங்க" என்றார். இருந்தாலும் கோட்டடியில், வழக்கு விசயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். வருசம் தவறாமல் விதைத்தோம் என்று மட்டும் சொல்லுங்கள், வேறொன்றும் கதைக்காதீர்கள் என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். வாப்பா அதை உம்மாவிடம் சொன்னார். உம்மா மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் அடுத்த மீனை எடுத்தார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை நடந்தது. வாப்பா சாரத்துக்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அதிகாரி வேறு ஊர்க்காரர், எங்கள் மார்க்கத்து ஆள்தான், ராத்தாவின் வயதுதான் இருக்கும். வாப்பா அவரைச் "சேர்" என்றார். உம்மா "மகன்" என்றார்.

"வருசா வருசம் விதைக்கிறீங்களா, உம்மா?"

வாப்பா முந்திக்கொண்டார். "ஓம் சேர். ஒரு வருசமும் விடல்ல."

"அவருக்குத் தெரியா, மகன்" என்றார் உம்மா. "அவர் கந்தோரில இரிந்தவர். நாங்க ரெண்டு வருசம் விதைப்பம். பொறகு அஞ்சாறு வருசம் காட்டுக்கு விட்டிருவம்."

"சும்மா விட்டிருவீங்களா?"

"சும்மா இல்ல மகன், அது ஓய்வு. புள்ளப்பெத்தவளுக்கு நாப்பது நாள் இரிக்கி, பூமிக்கு இல்லையா? குத்தகைக்காரன்தான் வருசா வருசம் விதைப்பான். அது அவன்ட இல்லயே, உறிஞ்சிப்போட்டுப் போயிருவான். சொந்தக்காரிதான் விட்டுவெப்பாள். இது எங்கட எண்டதுக்கு இத விட என்ன சாட்சி வேணும்?"

உம்மாவின் முகத்தில் அப்படியொரு தெளிவு. வழக்கை வென்றுவிட்டேன் என்றுதான் அவர் நினைத்தார். பக்கத்தில் நின்ற நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். பிறகு உம்மாவைப் பார்க்காமல் வாப்பாவைப் பார்த்து ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். வாப்பா, விளங்குகிறது என்று காட்டுவதற்காக, ஒவ்வொரு வசனத்துக்கும் "யெஸ் சேர், யெஸ் சேர்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பாதியில்தான் எதற்குத் தலையாட்டுகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. தலை நின்றுவிட்டது.

"என்னவாம்?" என்றார் உம்மா.

அதிகாரியே தமிழில் சொன்னார். அவருக்கும் அது சந்தோஷமாக இல்லை. "உம்மா, வெள்ளக்காரன் காலத்துச் சட்டம் ஒண்டு இரிக்கி. காடாக் கிடக்கிற காணி, இடைக்கிட மட்டும் விதைக்கிற சேனை, இதெல்லாம் முடிக்குரியது. இல்லையெண்டு காட்ட உங்களிட்ட உறுதியும் இல்ல. நீங்க சொன்னதை வெச்சித்தான் நான் முடிக்கோணும்."

உம்மா எதைத் தன் சாட்சி என்று கொண்டுபோனாரோ, அதையே குற்றமாக்கி அனுப்பினார்கள்.

அந்தச் சட்டத்தைப் பற்றி நான் பிறகு படித்தேன். வெள்ளைக்காரனுக்கு மலையில் கோப்பி போட நிலம் வேண்டியிருந்தது. உழுது வேலி போடாத நிலமெல்லாம் யாருக்கும் சொந்தமில்லாதது என்று எழுதிவைத்தான். அந்தச் சட்டம் மலையை விட்டிறங்கி, கோப்பி மணம்கூட வீசாத எங்கள் கரைக்கும் வந்தது. எங்கள் பக்கத்தில் எத்தனை ஊர்களின் பெயரே சேனை என்று முடிகிறது! அவன் கணக்கில் எங்கள் வாப்பாமாரும் உம்மாமாரும் மகாராணியின் காணியில் களவாகக் குடியிருந்தவர்கள். அவன் போன பிறகு வந்த நம்மவர்களுக்கு அந்தச் சட்டம் நல்ல வசதியாக இருந்தது. துரை விட்டுப்போன கதிரையைத் துடைத்து உட்கார்ந்துகொண்டார்கள்.

மாப்பிள்ளையின் தாய் ஒரு பின்னேரம் வந்தார். நல்ல மனுசி. நசீபு இல்லை, எழுதினது இவ்வளவுதான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். வீடில்லாத பெண்ணிடம் மாப்பிள்ளை எந்த வாசலால் வருவார்? நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அந்தச் சைக்கிள்காரர் பிறகு அக்கரைப்பற்றில் கலியாணம் முடித்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு வேறு பேச்சு ஒன்றும் சரிவரவில்லை. ராத்தா எனக்குத் தன் வீட்டில் ஓர் அறை தந்தார். இன்றைக்கும் அந்த அறையில்தான் இருக்கிறேன்.

எடுத்த பூமியை அவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு பலகை நட்டார்கள். அவ்வளவுதான். ஒரு கத்தரிக் கன்று வைக்கவில்லை. இரண்டு மாரி போனது. நாயுண்ணிப் பற்றை ஆளுயரத்துக்கு வளர்ந்து பலகையையும் மூடிவிட்டது.

இங்கிலாந்து மகாராணி இலங்கைக்கு வந்தது அப்போதுதான். வாப்பா காலையிலேயே குளித்து, வெள்ளைச் சேட் போட்டு, றேடியோவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பூமி போன நாளிலிருந்து அவர் வெள்ளைக்காரன் பேச்சை எடுக்கவேயில்லை. அன்றைக்குத் திரும்பவும் எடுத்தார்.

"நேர்மையான ஆக்கள். அவங்க இரிந்தா எங்கட பூமி போயிரிக்காது" என்றார்.

உம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். றேடியோவில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

"இஞ்சாருங்க, நீங்க இங்கிலீசு தெரிஞ்சவர். அவட்ட ஒண்டு கேட்டுச் சொல்லுங்க" என்றார். "நான் சும்மா போட்டதால அது ராணிக்கு எண்டாங்க. இப்ப ராணியும் சும்மாத்தானே போட்டிரிக்கா. அப்ப அது யாருக்கு?"

வாப்பா திரும்பி உம்மாவைப் பார்த்தார். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். றேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.