பெர்லின் எண்ணிய முப்பத்தாறு தப்புகள்

பெர்லினுக்கு எதுவும் பிடிக்காது. அதை அவனுடைய குறை என்று வீட்டாரும், திறமை என்று அவனும் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்து, அவியலில் சேனை வேகவில்லை என்று நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டு, இரண்டாம் முறையும் அவியல் வாங்கிக்கொள்கிற ஆள். வீடு கொட்டாரத்தில், கன்னியாகுமரி முனைக்குப் பக்கம்தான். தினமும் காலையில் பஸ் ஏறி வடசேரிக்குப் போய், ராஜையன் அண்ணாச்சியின் பெயின்ட் கடையில் கலர் கலக்குவான். வாடிக்கைக்காரர் கொண்டுவரும் துணித்துண்டைப் பார்த்து அதே நிறத்தை டப்பாவில் கொண்டுவந்து விடுவான். அதில் கெட்டிக்காரன், சும்மா சொல்லக் கூடாது. சங்கடம் என்னவென்றால், கேட்டதைக் கொடுத்துவிட்டு, "இத வீட்டுக்கு அடிச்சா கல்லறைத் தோட்டத்து மதில் மாதி இருக்கும், பாத்துக்கிடுங்க" என்றும் சொல்லி அனுப்புவான்.

இந்த வாயை வைத்துத்தான் யூடியூபில் 'பெர்லின் பார்வை' என்று ஒரு சானல் தொடங்கினான். கார்ட்டூன் தொடர்களை ஒவ்வொரு எபிசோடாகக் கிழிப்பது அங்கே தொழில். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன் இல்லை. டிராகன், மந்திர வாள், சாபம் என்று வருஷக்கணக்கில் இழுக்கிற தொடர்கள். அதில் ஒன்று 'ஏழாம் விளக்கு'. அணையாத விளக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் நாடு நாடாக நடப்பாள். தமிழில் வந்ததும் எல்லோரும் அதை ஆசையாகப் பார்த்தார்கள். பெர்லின் காறித் துப்புவதற்கென்றே பார்த்தான்.

"இந்த டிராகனுக்குக் கழுத்துல எலும்பே கிடையாதா மக்கா? புட்டுக்குழாயில வச்சு அவிச்சு எடுத்த மாதில்லா வருது." இப்படி அவன் பேசிய வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அந்த நாற்பதாயிரம்தான் அவன் புத்தியைக் கெடுத்தது.

அதைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒரு வீடியோ கம்பெனி கூப்பிட்டது. இந்துஜா என்ற பெண் பேசினாள். பதினாலாம் எபிசோட் இந்த வாரம் வருகிறது, அதற்கு ஒரு விமர்சனம் போடுங்கள், நன்றாக வந்தால் மாதச் சம்பளம், வீட்டிலிருந்தே வேலை என்றாள். 'நன்றாக வந்தால்' என்ற பகுதி பெர்லின் காதில் ஏறவே இல்லை. மறுநாளே ராஜையன் முன்னால் போய் நின்றான்.

"அண்ணாச்சி, ஒண்ணாந் தேதில இருந்து நான் வரமாட்டேன். போறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். உங்க கடை போர்டுல எழுத்துக்கும் நிழலுக்கும் சேரவே சேராது."

"சரிடே" என்றார் ராஜையன். அவருக்கு மூன்று ரப்பர் எஸ்டேட்டும் இந்தக் கடையும் உண்டு. போர்டைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பதினாலாம் எபிசோடை பெர்லின் பதினோரு முறை பார்த்தான். கதை இவ்வளவுதான்: விளக்குக்காரி கிழக்குவாசல் என்கிற துறைமுகப் படிக்கட்டில் ஒரு நாள் முழுக்கக் கப்பலுக்குக் காத்திருக்கிறாள். முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் பனிமலை. காலையில் முகத்துக்கு நேரே கடலில் சூரியன் எழும்புகிறது. அப்புறம் டிராகன் வருகிறது, சண்டை நடக்கிறது, கூட வந்தவன் சாகிறான். சாயங்காலம் அதே படியில் உட்கார்ந்து அழுகிறாள். முகத்துக்கு நேரே கடலில் சூரியன் இறங்குகிறது.

பதினோராவது முறை ஓடும்போது பெண்டாட்டி ஜெப்சி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி ஒன்பது வருடம்.

"ஏங்க, அந்தச் சூரியன்..."

"நீ சும்ம இரிட்டி. எழுதிட்டு இருக்கேன்லா."

"இல்லங்க, காலைல கடல்ல வந்துச்சுல்லா, இப்ப பாத்தா..."

"வந்துச்சு, போவுது. அதுக்கென்ன? உப்பு அள்ளுன குடும்பத்துல இருந்து வந்துட்டு எனக்கு அனிமேஷன் படிச்சுத் தரியா?"

ஜெப்சியின் அப்பா உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அந்த உப்புக் காசில்தான் அவளை எம்.காம். வரை படிக்க வைத்தார். பெர்லின் படித்தது பிளஸ் டூ, அதுவும் இரண்டாம் முயற்சியில். ஜெப்சி துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வீடியோ வந்தது. எண்ணி முப்பத்தாறு தப்பு. போன எபிசோடில் டிராகனுக்கு நாலு நகம், இதில் மூன்று. சகதியில் நடந்து வந்தவளின் பாதம் பளிங்கு மாதிரி இருக்கிறது. குதிரை நாலு எபிசோடாகத் தண்ணீர் குடிக்கவில்லை. அவள் மேலங்கியின் சிவப்பு பாதியில் அரை ஷேடு மங்குகிறது. அதைக் கண்டுபிடிக்க உண்மையிலேயே பெயின்ட் கடைக் கண் வேண்டும். கடைசியில் காமிராவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து சொன்னான்: "முப்பத்தாறு. முப்பத்தேழாவது ஒண்ணு காட்டுதவன் இருந்தா காட்டு, சானலையே எழுதித் தாறேன்."

மத்தியானத்துக்குள் கீழே ஒரு வரி வந்து விழுந்தது. எழுதிய ஐடியின் பெயர் 'உப்பளத்துக்காரி'.

"கிழக்குத் துறைமுகத்தில் காலையில் கடலில் உதித்த சூரியன், சாயங்காலம் அதே கடலில் எப்படி மறையும்? பின்னால் மலைப்பக்கம் அல்லவா போக வேண்டும்? இது முப்பத்தேழு."

எழுதியது யார் என்று பார்க்காமலே பெர்லின் பதிலைத் தட்டினான். "சூரியன் பின்ன கடல்லதானே போவும்? உங்க ஊர்ல ஆட்டோ பிடிச்சா போவும்?"

அகஸ்தீஸ்வரத்திலிருந்தும் முட்டத்திலிருந்தும் உடனே கைதட்டு. 'கரெக்ட் அண்ணா', 'இதுல என்ன தப்பு மக்கா' என்று ஊர்க்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அதற்குப் பிறகு சேலத்துக்காரன் வந்தான், கரூர்க்காரன் வந்தான், கோயம்புத்தூரே திரண்டு வந்தது. அவர்கள் சிரித்த சிரிப்பில் பெர்லினின் மானம் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் போயே போய்விட்டது. மூன்று பக்கமும் கடல் உள்ள முனையில் பிறந்தவன். காலையிலும் கடல், மாலையிலும் கடல் என்றே பார்த்து வளர்ந்த கண்ணுக்குச் சூரியன் வேறு வழியாகவும் போகும் என்று தோன்றவே இல்லை. நகத்தை எண்ணினான், மேலங்கியின் சிவப்பை அளந்தான். ஆகாயத்தில் கிடந்த தப்பைப் பதினோரு முறையும் விட்டுவிட்டான்.

அப்போதுதான் ஐடியின் பெயரைப் படித்தான். ஜெப்சி அடுப்படியில் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

"நீயாட்டி?"

"வேற யாரு? நேர்ல சொன்னேன், கேக்கல. அதான் எழுதுனேன்."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் ஜெப்சி, கேட்ட ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள். கடல் எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம், அப்படி வரைந்ததால் விளக்குக்காரியின் அழுகையே எப்படிப் பொய்யாகிவிட்டது என்று விளக்கினாள். திங்கட்கிழமை பெர்லின் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். ராஜையன் வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு, "இதுல என்னடே தப்பு? சூரியன் கடல்லதான போவும்?" என்றார். ராஜையனுக்குச் சமமாகிவிட்டோமே என்று பெர்லினுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலையை மறுபடி கேட்கவும் வாய் வரவில்லை. போனது போகட்டும், சென்னை வேலை ஒன்றாவது கிடைத்தால் போதும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இந்துஜா கூப்பிட்டாள். சென்னைக்காரர்கள் தன்னை 'சார்' போட்டுப் பேசுவது பெண்டாட்டிக்கும் கேட்கட்டும் என்று கம்பெனி அழைப்புகளை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். அன்றைக்கும் விரல் பழக்கத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டது.

"சார், உங்க வீடியோ நல்லா ஓடுது. ஆனா எல்லாரும் கீழ இருக்கிற கமென்ட்டைத்தான் படிக்கிறாங்க. அந்த உப்பளத்துக்காரி யாருன்னு தெரியுமா? அவங்க எழுதினதை எல்லாம் படிச்சோம். யாரையும் திட்டாம, என்ன தப்பு, ஏன் தப்புன்னு சொல்றாங்க. இந்த வேலைக்கு அவங்களையே கேக்கலாம்னு இருக்கோம்."

பெர்லின் அடுப்படிப் பக்கம் பார்த்தான். ஜெப்சி கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்கு ஒரு சம்பளம் வரும். ஆனால் அது அவள் சம்பளமாக வரும்.

"தெரியாது மேடம். ஏதாவது ஃபேக் ஐடி ஆளா இருக்கும். சவத்தத் தள்ளுங்க."

ஜெப்சி கரண்டியை வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். அவனும் கொடுத்துவிட்டான்.

"நான்தான் மேடம் அது. பேரு ஜெப்சி. எம்.காம். படிச்சிருக்கேன். ஒண்ணாந் தேதில இருந்துன்னா எனக்குத் தோதுதான்."

இந்துஜா கேட்டாள்:

"இது பெர்லின் சார் போன் ஆச்சே. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

ஜெப்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவுகதான் தெரியாதுன்னு சொல்லிட்டாகளே மேடம்."