சிரிப்பு ஷாட்

கார்த்திகேசன் வீட்டில் உயிரோடு இருக்கிறவர்களைவிடச் செத்தவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். இதை முதலில் சொன்னது வேறு யாருமில்லை, அவர் மனைவி ஆவுடைத்தாய்தான்.

மத்தியானம் அவள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். பின்கட்டு அறையில் அவர் பழைய படச்சுருள் ஒன்றைக் கருவியில் மாட்டி, கையால் மெதுவாகச் சுற்றி ஒலியைச் சோதிப்பார். என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு நடிகையின் குரல் இழுத்து இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி வரும்.

"அந்தப் பொம்பளைய ஒண்ணு முழுசாப் பேச விடுங்க, இல்ல வாய மூடச் சொல்லுங்க. ஒரு குழம்பு தாளிக்க முடியல" என்று இங்கிருந்தே கத்துவாள்.

அவர் ஒரு காலத்தில் சினிமாத் தயாரிப்பாளர். அப்பா விட்டுப்போன வயலை விற்று, எழுபதுகளில் மெட்ராஸ் போய் ஒரே ஒரு படம் எடுத்தார். படம் ஓடவில்லை. பாளையங்கோட்டைக்குத் திரும்பி உரக்கடை வைத்தார். தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. டிவிக்காரர்கள் பழைய படங்களைத் தேட ஆரம்பித்தார்கள். அவர் உரக்கடையை மூடிவிட்டு இந்த வேலைக்கு வந்தார்.

டூரிங் டாக்கீஸ்கள் மூடிக்கொண்டிருந்த நேரம் அது. ஓடித் தேய்ந்த சுருள்களை வெள்ளிக்காரன் எடை போட்டு வாங்கிப்போய், பிலிமைக் கழுவி வெள்ளியை எடுத்துவிடுவான். அவனுக்கு முன்னால் போய் நிற்பது கார்த்திகேசனின் தொழில். மாட்டுத்தொழுவம், வைக்கோல் படப்பு என்று பார்க்காமல் நுழைவார். கொண்டுவந்த சுருளை மருந்து போட்டுத் துடைத்து, கிழிந்த ஓட்டைகளை ஒட்டி, இல்லாத காட்சியை இன்னொரு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்து, மெட்ராஸ் லேபுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக் கொண்டுபோவார். ஒரு துண்டைக்கூடத் தூக்கிப் போட மாட்டார். வீடு முழுக்கப் புளித்த காடி வாடை அடிக்கும். கெட்டுப்போகிற பிலிம் அப்படித்தான் நாறுமாம்.

அவருக்கு உதவிக்கு மேலப்பாளையத்திலிருந்து அசன் மைதீன் வருவார். முன்னாள் தியேட்டர் ஆப்பரேட்டர். படத்தைப் புரொஜெக்டரில் ஓட்டி, "ஒட்டு எங்கனன்னு சொல்லும் பார்ப்போம் பாய்" என்பார் கார்த்திகேசன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தும் ஒவ்வொரு தடவையும் தோற்பார்.

எந்தப் படம் முடிந்தாலும் ஆவுடைத்தாய் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"இதுல செத்தவ எந்திரிச்சுச் சிரிச்சாளா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பிணமாக நடித்தால், அந்தக் காட்சி முடிந்ததும் அவரை எழுப்பி உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். அது படத்தில் வராது. தோஷம் போவதற்காக எடுப்பது. எடுக்காமல் விட்டால் நடித்தது பலித்துவிடும் என்று பயம்.

கார்த்திகேசன் எடுத்த அந்த ஒரே படத்தில் அவர்களுடைய பிள்ளை விஜயஸ்ரீ நடித்திருந்தாள். ரெண்டு பல் முளைத்திருந்த வயது. பிள்ளை வருகிற காட்சிகளை ஊரிலேயே செட் போட்டு எடுத்தார்கள். தொட்டிலில் கிடந்து சிரிக்கிற காட்சிக்கு ஒருநாள் கொண்டுபோனார்கள். இன்னொரு நாள், "தூங்குற மாதிரி சீன், நீ வர வேண்டாம்" என்று அவர் தூக்கிக்கொண்டு போனார். காலையில் கன்னத்தில் வைத்து அனுப்பிய மைப்பொட்டு சாயங்காலம் இல்லை.

"பொட்டு எங்க?"

"வேர்வைல அழிஞ்சிருக்கும்."

படம் வெளியான அன்று ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தாள். வெள்ளைத்துணி சுற்றி, பொட்டில்லாத கன்னத்தோடு, தன் பிள்ளையை யாரோ கையில் ஏந்திக்கொண்டு போகிறார்கள். பிள்ளை அவள் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. வாரியெடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பின்னாலேயே அவர் ஓடிவந்தார்.

"எழுப்பிச் சிரிக்க வச்சு எடுத்தியளா?"

"எடுத்தோம், எடுத்தோம்" என்றார், சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்துக்கொண்டு.

அந்த வருஷ மழைக்காலத்தில் விஜயஸ்ரீ காய்ச்சலில் போய்விட்டாள். படத்தின் நெகடிவும் ஏதோ கிடங்கில் அழிந்துபோனது. அதற்கப்புறம் அந்தக் கேள்வியை ஆவுடைத்தாய் நேராகக் கேட்டதில்லை. ஊரான் படத்தை வைத்துத்தான் கேட்டாள்.

தொண்ணூற்றாறில் முருகன்குறிச்சியிலிருந்து ஹெப்சிபா வந்தாள். அந்தப் படத்துக்கு எடிட்டராக இருந்த கிருபைராஜின் மனைவி. கணவர் போய்ச் சேர்ந்து ஒரு மாசம் ஆகியிருந்தது.

"கிறிஸ்மசுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒதுக்குனேன் மதினி. இந்த டப்பாவுல ஒங்க படத்துப் பேரு போட்டிருக்கு. வெட்டி மிஞ்சுன துண்டா இருக்கும்."

டப்பா துருப்பிடித்து மூடியோடு ஒட்டிக்கிடந்தது. ஆவுடைத்தாய் அதை வாங்கிக் கணவர் முன்னால் வைத்தாள்.

"எடுத்தோம்னு சொன்னியள்லா? எடுத்திருந்தா இதுல இருக்கும். தேடுங்க."

அவர் அறையைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருவாள். பாதி அப்படியே திரும்பும். பாயைக்கூட உள்ளே விடவில்லை. அடுக்களையில் நின்றபடி அவள் சுருள் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அது நின்றால் இவள் கையும் நின்றுவிடும். முன்பாவது செத்த நடிகைகள் பேசினார்கள். இப்போது அதுவும் இல்லை.

கார்த்திகை கழிந்து ஒரு மத்தியானம் கதவு திறந்தது.

"ஏளா ஆவுடை, இருக்கு. வா."

ஜன்னல்களில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார். ஆள் விட்டு வரவழைத்திருந்த பாய் புரொஜெக்டரை ஓட்டினார். சுவரில் வெளிச்சம் நடுங்கியது. வெள்ளைத்துணிக்குள் விஜயஸ்ரீ. கண் மூடியிருந்தது. கன்னம் வெறிச்சென்று இருந்தது. யாரோ ஒருவர் கை வந்து துணியை விலக்கியது. அடுத்த கணம் பிள்ளை முகம் சுவர் முழுக்க வந்தது. கண்ணைத் திறந்து, ரெண்டு பல்லும் தெரிய, நேராக அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

சுவர் வெள்ளையாகிவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! புள்ள சிரிச்சுட்டாள்லா தங்கச்சி!" பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆவுடைத்தாய் எழுந்து ஜமுக்காளத்தை விலக்கினாள்.

"பாய், அடுக்களைல காப்பி வச்சிருக்கேன். போய்க் குடிங்க."

அவர் போனதும் கணவரைப் பார்த்தாள்.

"பொட்ட அழிக்க மறந்துட்டிய."

கார்த்திகேசன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது தொட்டில்ல கெடந்து சிரிச்சது. நான் வச்சு அனுப்புன பொட்டு. எனக்குத் தெரியாதா?"

"துணிய விலக்குனதும் பிலிம் தீந்துட்டு. மெட்ராஸ்லருந்து அடுத்த ரோல் வரணும். நாளைக்கு எடுத்துக்கிடலாம்னு..."

"எடுத்தியளா?"

"செட்ட பிரிச்சுட்டானுவ."

அவள் சுருளைக் கையில் எடுத்து, கட்டைவிரல் நகத்தை அதன்மேல் மெல்ல ஓட்டிக்கொண்டே வந்தாள். பாய் கண்ணுக்கு அகப்படாத ஒட்டு அவள் நகத்தில் தட்டியது. மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஆவுடை, வேண்டாம்! அது ஒண்ணுதான் இருக்கு!"

நறுக்கென்று வெட்டினாள். சிரிப்பைத் தன் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். வெள்ளைத்துணி சுற்றிய மற்ற துண்டை அவர் கையில் திணித்தாள்.

"இது இந்த வீட்ல இருக்கக் கூடாது. குறுக்குத்துறை ஆத்துல கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

போனார். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். விட்டுவிட்டேன் என்றார். அவள் அவருடைய வேட்டியைப் பார்த்தாள். கரை நனையவில்லை. காலில் ஆற்றுமணலும் இல்லை. சோறு போட்டாள்.

அதற்கப்புறம் எந்தப் படம் முடிந்தாலும், செத்தவள் எந்திரிச்சாளா என்று அவள் கேட்பதில்லை. அவர் பழையபடி மத்தியானங்களில் சுருளைச் சுற்றுகிறார். நடிகைகள் பழையபடி கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிறார்கள். சில நாள் ஒரு சத்தமும் இல்லாமல் சுருள் மட்டும் சுற்றும். அப்போது ஆவுடைத்தாய் அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி காது கொடுத்து நிற்பாள்.

ஆற்றுக்குப் போகாத அந்தத் துண்டில் ஒலியே கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.