மூன்றாம் நம்பர் பொத்தான்

அக்கா கார்ச் சாவியை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்றால் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். வேண்டுமா வேண்டாமா என்று சின்னவளிடம் கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

“நான் புதுசு எடுக்கப் போறேன்டி. இதை எதுக்கு வெளியாளுக்குத் தள்ளணும்? நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். நீயும் பெரிய கார், பெரிய கார்னு சொல்லிக்கிட்டே இருந்தியே, எடுத்துக்கோ. பாதி விலை குடு, போதும்.”

லேசுப்பட்ட கார் இல்லை அது. அந்தக் கம்பெனி செய்கிற கார்களிலேயே உச்சாணியில் இருக்கிற செடான். நீளமாக, கறுப்பாக, மூன்று வருடம் ஓடியும் நேற்றுத்தான் இறக்கினார்களோ என்கிற மாதிரி நின்றது. சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அவள் மகன், “சூப்பர் பெரியம்மா, தேங்க்ஸ்!” என்று சொல்லியே விட்டான். அக்கா வீட்டுக்காரர் அவன் முதுகில் தட்டினார். விஷயம் முடிந்தது. இனிச் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி.

சின்னவள் என்று சொல்கிறேனே, ஆளுக்கு ஐம்பத்தாறு வயது. ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பும் துண்டும் தலையணை உறையும் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிற சலவைக்கூடம் ஒன்றை நடத்துகிறாள். அங்கே முதலாளியம்மா. பிறந்த வீட்டில் மட்டும் இன்னும் ‘சின்னது’. வீட்டுக்கு இரண்டே பெண்கள்தான். ஆனால் புதுசு என்று வந்தது எல்லாம் ஒருத்திக்குத்தான்.

அக்கா நெட்டை, இவள் குட்டை. அக்காவின் சட்டைகள் இவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். அக்காவின் ஷூவுக்குள் காகிதத்தைக் கசக்கித் திணித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். அழுதால் அம்மா, “வளர வளர சரியாயிடும்” என்பாள். எங்கே வளர்ந்தாள்? பாடப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் அக்கா பெயரை அடித்துவிட்டுக் கீழே தன் பெயரை எழுதிக்கொள்வாள். அதைப் பார்த்து வாத்தியார்களும், “ஓ, நீ அவ தங்கச்சியா?” என்று கேட்டுவிட்டு, அக்கா வாங்கிய மதிப்பெண்ணை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். கடைசியில் அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளை. சம்பளம் போதாது, உயரமும் போதாது என்று அக்கா உதட்டைப் பிதுக்கினாள். நல்ல பையனைக் கைநழுவ விடுவானேன் என்று சின்னவளுக்குக் கட்டி வைத்தார்கள். அது தேறிவிட்டது. அது ஒன்றுதான்.

சும்மா சொல்லக்கூடாது, சலவைக்கூடத்தின் முதல் இயந்திரமும் அக்கா வீட்டுப் பழசுதான். அதை இவள் மறக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்தது எல்லாம் இவள் தோளும் இடுப்பும் ஒடிய உழைத்து வாங்கியவை.

பெரிய கார் ஆசை எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். பகட்டுக்கு இல்லை. ஒருநாள் துணி ஏற்றப் போன இடத்தில் இவளுடைய வேன் படுத்துவிட்டது. ஓட்டல் முதலாளி, மனிதர் தங்கமானவர், தன் காரிலேயே இவளை வீட்டில் இறக்கிவிட்டார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் சத்தம் நின்றுவிட்டது. இயந்திரங்களுக்கு நடுவில் நின்று கத்திக் கத்தியே பேசி, தூக்கத்தில்கூடக் கத்துகிறாள் என்று புருஷன் கேலி செய்கிற பொம்பளை இவள். தன் மூச்சு தனக்கே கேட்டபோது பயந்துபோனாள். வீடு வந்ததும், “ஐயா, இன்னும் ஒரு சுத்து சுத்தலாமா?” என்று வெட்கத்தை விட்டுக் கேட்டாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

சரி, சாப்பாடு முடிந்ததும் அக்கா இவளைக் காரிடம் இழுத்துக்கொண்டு போனாள். “ஓட்டிப் பாரு வா.” சின்னவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். கால் பிரேக்கை எட்டவில்லை. உள்ளே அதே அமைதிதான், குறையொன்றும் இல்லை. நடுவில் இருந்த திரையில் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது.

“கதவுல பாரு, சீட்டுப் படம் போட்டு மூணு பட்டன் இருக்கா? ஒண்ணை அமுக்கினா என் அளவுக்கு வந்துடும். ரெண்டு உங்க அத்தானோடது. மூணு காலியா இருக்கு, உன்னுதை வச்சுக்கோ.”

சொல்லும்போது அக்கா முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் கொடுமை. சின்னவளின் விரல் மூன்றின் மேல் நின்றது. ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. சட்டைக்குப் பொங்கவில்லை, ஷூவுக்குப் பொங்கவில்லை, இந்த மூன்றுக்குப் பொங்கியது. காரே இவளுடையதாகிவிட்டாலும் இவள் மூன்றுதானா?

“எனக்கு வேண்டாம்க்கா.”

“எது வேண்டாம்?”

“இந்தக் கார். நானும் புதுசே எடுத்துக்கறேன்.”

அக்கா சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளுடைய சிரிப்பு நின்றது. “உனக்கென்ன கிறுக்கா? தெரிஞ்ச வண்டி, தெரிஞ்ச கை, ஒரு கீறல் கிடையாது. புதுசுக்கு எதுக்குடி காசைக் கொட்டுறே?”

“என் காசு, நான் கொட்டறேன்.” சாவியை அக்கா கையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மகன் பிடித்துக்கொண்டான். கணக்குப் பிள்ளை வேலை பார்க்கிறவன், அவனை நொந்து பயனில்லை. “அம்மா, புதுக் கார் ஷோரூம் கேட்டைத் தாண்டினாலே விலை இறங்கிடும். மூணு வருஷ வண்டிதான் புத்திசாலித்தனம். யாரை வேணா கேளு.”

“புத்திசாலித்தனமாவே இருந்து பார்த்துட்டேன்டா, அலுத்துப்போச்சு.”

“பட்டன்தானே பிரச்சினை? ஒண்ணாம் நம்பர்ல பெரியம்மா அளவை அழிச்சுட்டு உன்னுதை வச்சுடலாம். ஒரு நிமிஷ வேலை.”

“பேரை அடிச்சுட்டுக் கீழே எழுதின புத்தகத்துலயே பத்தாவது வரைக்கும் படிச்சவ நான். இனிமே அடிச்சு எழுத மாட்டேன், போ.”

புருஷன் அதுவரை செய்தித்தாளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தார். இப்போது தலையை நீட்டினார். “உங்க அக்கா வேண்டாம்னு சொன்னதால வந்தவன்தானே நானு? நான் என்ன கெட்டா போயிட்டேன்?”

“நீங்க ஒரு ஆளு தேறிட்டீங்க. அந்த அதிர்ஷ்டம் கார்லயும் அடிக்கும்னு எந்த நம்பிக்கையில போறது?”

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். “அப்ப புதுசே எடு. நானும் பெருமையா ஏறிக்கறேன்.” அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஷோரூமில் விற்பனைப் பெண் நல்ல கெட்டிக்காரி. கலர், சக்கரம், இருக்கைத் தோல் எல்லாம் காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மேடம், ஒரு டெமோ வண்டி இருக்கு. கஸ்டமருக்கு ஓட்டிக் காட்டினதோட சரி, யாருக்கும் விக்கலை. கிட்டத்தட்ட புதுசு. விலையில நிறையக் குறைக்கலாம்” என்றாள்.

“கிட்டத்தட்ட புதுசுன்னா பழசும்மா.”

“இல்ல மேடம், கிலோமீட்டர் பார்த்தீங்கன்னா...”

“எத்தனை பேர் சீட்டைத் தள்ளித் தள்ளி உக்காந்திருப்பாங்க? எனக்குப் புதுசு வேணும். இன்னொண்ணு. உள்ளே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளை உங்க ஆளுங்க யாரும் உரிக்கக் கூடாது.”

“நாங்க சுத்தம் பண்ணித்தான் மேடம் குடுப்போம்.”

“சுத்தம் பண்றது என் தொழில். நான் பார்த்துக்கறேன்.” அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, அதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

கார் முன்பதிவு செய்த செய்தி அக்காவுக்கு எட்டாமல் இருக்குமா? மறுநாளே சலவைக்கூடத்துக்கு வந்து நின்றாள். விரிப்புகள் சுழன்றுகொண்டிருந்தன, தேய்ப்பு உருளையிலிருந்து ஆவி அடித்தது. அந்தச் சத்தத்தில் சண்டை போட வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அக்காவுக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆனாலும் கத்தினாள். துண்டு மடிக்கிற பெண்கள் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தார்கள்.

“எச்சில் தட்டையா நீட்டினேன் உனக்கு? சொந்தக்காரங்க எல்லாம் என்னையே கேட்கறாங்க, தங்கச்சி ஏன் வேண்டாம்னுட்டான்னு! எவ்வளவு செஞ்சிருப்பேன்டி உனக்கு!”

“செஞ்சே! யார் இல்லேன்னா? ஒரு தடவையாவது உனக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கியாக்கா?”

“உனக்கு மட்டும்தான் குறையா?” என்று பதிலுக்குக் கத்தினாள் அக்கா. “புதுசு எனக்கு வாங்கினாங்க, சரி. அதைப் போட்டுக்கிட்டு ஒருநாள் மண்ணுல விளையாடியிருப்பேனா? மரத்துல ஏறியிருப்பேனா? கசக்காதே, கிழிக்காதே, சின்னது போடணும், சின்னது படிக்கணும்! புத்தகத்துல ஒரு மீசை வரைய விட்டாங்களா அம்மா? அந்தக் கார் திரையில இருக்கிற தாளை ஏன் உரிக்கலை தெரியுமா? வாங்கும்போதே நினைச்சேன், இது உனக்கு வரும்னு.”

இத்தனை வருடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து சின்னவள் யோசித்ததே இல்லை. நெஞ்சு ஒரு கணம் இளகியது என்பது உண்மை. அந்தச் சமயத்தில் அக்கா மட்டும் சாவியை மறுபடி நீட்டியிருந்தால் வாங்கியிருப்பாளோ என்னவோ. ஆனால் இளகி இளகித்தானே இந்த வயது ஆகியிருக்கிறது!

“உன்னை யாருக்கா வைக்கச் சொன்னா? உரி! கிழி! மீசை வரை! இனிமே எதையும் எனக்காகப் பத்திரமா வைக்காதே. உனக்கும் கோடி புண்ணியம், எனக்கும் கோடி புண்ணியம்.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விருட்டென்று போய்விட்டாள். சின்னவள் திரும்பிப் பார்த்துப் போட்ட சத்தத்தில் துண்டுகள் மளமளவென்று மடிந்தன.

கார் எடுக்கிற நாளன்று அக்கா வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள். தன் கறுப்புக் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு, ஆனால் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சின்னவளின் கார் ஆழ்ந்த நீலம். விற்பனைப் பெண் துணியை விலக்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா விறுவிறுவென்று நடந்துபோய் ஓட்டுநர் பக்கக் கதவுப்பிடியில் கை வைத்தாள். வம்புக்கு இல்லை, பழக்கம். அந்தக் குடும்பத்தில் புதிதாக எது வந்தாலும் அக்கா தொட்டுத்தான் ஆரம்பிக்கும். மகனும் அத்தானும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மாத்தான் நின்றார்கள். யாருக்கும் உறைக்கவில்லை.

“அக்கா,” என்றாள் சின்னவள். “கையை எடு.”

புருஷன் இருமினார். அக்கா தன் கையையே பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள். கையை எடுத்து இரண்டடி தள்ளி நின்றாள்.

சின்னவள் ஏறினாள். திரைமேல் இருந்த தாளின் நுனியை நகத்தால் நெம்பி, சர்ரென்று உரித்தாள். கதவு ஓரத்துத் தாளை உரித்தாள், ஸ்டீயரிங் நடுவில் இருந்ததை உரித்தாள். உரிக்க உரிக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அவள் மறைக்கவில்லை. இருக்கையைத் தன் குட்டைக் காலுக்கு முன்னே இழுத்தாள், தன் முதுகுக்கு நிமிர்த்தினாள். ஒன்றாம் நம்பரை அழுத்திப் பதித்தாள். பிறகுதான் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள்.

இரண்டு பேரும் வெகுதூரம் போனார்கள். காருக்குள் இருந்த அந்த அமைதியில் மூச்சுவிடுவதே பெரிய சத்தமாக இருந்தது. கடைசியில் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “நானும் உரிச்சுட்டேன்டி” என்றாள். “அந்தத் தாளை. நேத்து.”

“நல்லா வந்துச்சா?”

“பாதியில கிழிஞ்சு ஒட்டிக்கிச்சு. சுரண்டி எடுத்தேன்.”

சின்னவள் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினாள். “வா, நீ ஓட்டு.”

அக்கா சுற்றி வந்து ஏறினாள். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் இடித்தன. நெட்டை உடம்பை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, “என்னடி, முட்டி இடிக்குது” என்றாள்.

“கதவுல மூணு பட்டன் இருக்கு பாரு. ஒண்ணு என்னோடது.”

“ரெண்டு?”

“அவரோடது.”

“அவருக்குத்தான் ஓட்டவே தெரியாதே!”

“தெரியாட்டி என்ன? அது அவரோடது, காலியாவே கிடக்கட்டும். மூணு இருக்கு. உன்னுதை வச்சுக்கோ.”

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். சின்னவளும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அக்கா இருக்கையைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டு, மூன்றை அழுத்தினாள்.