மாஸ்டருக்கு அளவெடுத்தவள்

தையல்காரம்மாவின் கடைக்கு இருந்தது ஒரே வாசல். பக்கத்தில் ஒரு தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்த வாரமே அதுவும் போயிற்று. உள்ளே நாலு மேசை. வெளியே எள் விழ இடமில்லை. வரிசையில் நிற்பவர்களெல்லாம் அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு நாள் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்போடு போய் அவள் போட்ட சத்தத்தில் முதலாளியம்மா கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். கரண்டியும் கையுமாக வெளியே வந்தவர் சமையல் மாஸ்டர்தான். நாற்பதைத் தாண்டிய, கல்யாணமாகாத, உருண்டையான மனிதர்.

"நீங்க சொல்றது நியாயம்தாங்க. முதல்ல உட்காருங்க. சாப்பிட்டுட்டுத் திட்டுங்க."

"சாப்பிட்டா அப்புறம் திட்ட வாய் வருமா?"

"அதுக்குத்தாங்க சொல்றேன்."

கடையே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

அதன்பின் வரிசையில் நின்றவர்கள் அறுந்த பொத்தானையும் கிழிந்த பையையும் அவளிடம் நீட்டத் தொடங்கினார்கள். சாப்பிட்டுவிட்டு வரும்போது வேலை முடிந்திருக்கும். இரண்டு கடையும் ஓஹோவென்று ஓடின.

முதலாளியம்மாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஊரின் மறுகோடியில் இரண்டாவது கிளையைத் திறந்து, மாஸ்டரை அங்கே அனுப்பினாள். பழைய கடையில் ருசி மாறவில்லை. தையல்காரம்மாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பொறுத்துப் பார்த்தவள், கடைசியில் முதலாளியம்மாவிடம் போனாள்.

"உங்க ஆளுங்க ஆளுக்கொரு கலர்ல நிக்கிறாங்க, பார்க்கச் சகிக்கலை. நான் சீருடை தைச்சுத் தர்றேன்."

சொன்ன கையோடு பஸ் ஏறிப் போய், முதல் ஆளாக மாஸ்டருக்கு அளவெடுத்தாள்.

மூன்றாவது கிளை வந்தது, நான்காவதும் வந்தது. புது ஆட்களைப் பழக்க மாஸ்டர் எங்கே போனாலும் இஞ்சு டேப்பும் பின்னாலேயே போயிற்று.

"போன மாசம்தானே எடுத்தீங்க?"

"பெருத்துட்டீங்க, மாஸ்டர்."

"அதுக்கு முந்தி இளைச்சுட்டேன்னீங்களே?"

"பேசாம கையைத் தூக்குங்க."

சமையலறை ஆட்கள் அண்டாவுக்குள் தலையை விட்டுச் சிரித்தார்கள்.

பிறகு இடி விழுந்தது. ஐந்தாவது கிளை ரயிலில் ஒரு பகல் போகவேண்டிய நகரத்தில். மாஸ்டர்தான் அங்கே எல்லாம்; இனி அங்கேயேதான் இருப்பார். அந்தச் சேதியைக் கேட்ட அன்று தையல்காரம்மா ஒரு பேண்டுக்கு மூன்று கால் வெட்டினாள்.

சாயங்காலம் முதலாளியம்மா புலம்பிக்கொண்டே வந்தாள். "இந்த மனுஷனோட ஒரே ரோதனை! பக்கத்துல தையல் கடைக்கும் ஒரு இடம் பிடிச்சாத்தான் போவாராம். ஏன்னு கேட்டா வாயே திறக்கலை. உனக்கு ஏதாவது தெரியுமா?"

தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். புதுக் கிளைக்கு ஆள் பொறுக்கப் பழைய கடைக்கு வந்திருந்த மாஸ்டர் மாவு கரைத்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட நேரா கேட்டா என்னவாம்?"

"நீங்க திட்டுவீங்களோன்னு..."

"திட்டத்தான் போறேன். ஆயுசு முழுக்க!"

மாஸ்டர் கையிலிருந்த கரண்டி மாவுக்குள் முழுகிப்போயிற்று.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அன்று எல்லாக் கிளைகளையும் முதலாளியம்மா பூட்டிவிட்டாள். பழைய கடைக்குத் திரும்பியவர்களிடம் ஏமாந்த வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்து, விஷயம் தெரிந்ததும் வாழ்த்திவிட்டு, அப்படியே சாப்பாடும் கேட்டார்கள். மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனார். கல்யாணப் பெண் பரிமாறினாள். நேரம் போனதே தெரியவில்லை.

ரயிலுக்கு எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். தையல் மெஷினை ஒருபக்கம் தூக்கிக்கொண்டு ஓடிய முதலாளியம்மா, மூச்சு இரைக்க இரைக்க, ஆறாவது கிளையை எங்கே வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.