தறிச்சத்தமும் ஹெவி மெட்டலும்

கோவை பீளமேட்டில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, என் அறை நண்பன் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு வீடியோ கேசட்டைப் போட்டுக் காட்டினான். ஹெவி மெட்டல் என்கிற காதடைக்கும் கிடார் இசையைப் பற்றிய ஆவணப்படம். ஒரு மணி நேரத்தில் ஒரு பாட்டுகூட முழுதாக இல்லை. நரைத்த முடியைத் தோளில் விரித்துப்போட்ட வெள்ளைக்காரப் பாடகர்கள் சோபாவில் சாய்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். தங்கள் ஊர் ஆலைகளின் இரைச்சலில்தான் இந்த இசை பிறந்தது என்றார் ஒருவர். நண்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். அந்த இரைச்சல் என் அப்பாவின் காதைப் பாதி செவிடாக்கியதைத் தவிர வேறெதையும் பெற்றுப்போடவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவனை ஊருக்குக் கூட்டிப்போனேன். மண்டை ஓடு அச்சடித்த கறுப்புச் சட்டையோடு தறிக்கூடத்துக்குள் நுழைந்தான். எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"ஏங்கண்ணு, காப்பி குடிக்கிறயா?" அம்மா பக்கத்தில் நின்று கத்தினாள்.

"என்னங்க ஆன்ட்டி?"

"காப்பி! காப்பி!"

அவன் வெளியே ஓடிவிட்டான். "எப்படிடா இதுக்குள்ள இருக்கீங்க? தலை வெடிக்குது" என்றான்.

"இதுலதான உங்க இசை பொறந்துச்சு? உள்ள வந்து இன்னுங் கொஞ்சம் கேளு" என்றேன். அவன் அசையவில்லை.

திங்கட்கிழமை மெஸ்ஸில் ஜூனியர்கள் நடுவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். மெட்டலின் வேரைச் சோமனூரில் நேரிலேயே கேட்டுவிட்டு வந்தானாம். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனதாம். நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.